பச்சை விளிம்பு

தெமட்டகொடையில், விடிய முன்,
ஆட்டின் கழுத்தடியில் குழாயைப் பிடித்து நிரப்பி
மூடியை இறுக்கித் தந்தார் நளீம் நானா.
"இன்னும் சூடு, மிஸ்.
இதுக்குள்ள அப்படி என்னத்தத் தேடுறீங்க?"
காசைக் கொடுத்தேன். பதில் நீளம், ஓட்டோ காத்து நின்றது.
பழைய துவாயில் சுற்றி மடியில் வைத்தேன்.
ஐஸின் முறை பிறகு.

பொரளையில் மூன்று தரம் கழுவினோம்.
குருதி முழுக்க அலைகிற பிறபொருளெதிரிகள்
யார்மீதும் ஒட்டிக்கொள்ளும்.
எமக்கு வேண்டியது
கலம் தானே செய்து
தன் தோலில் நட்டுக்கொண்டது மட்டும்.

அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பிறபொருளெதிரி.
ஆட்டைப் பகைக்கப் பழகிய ஒரு முயலிலிருந்து எடுத்தது,
வாலில் பச்சைச் சாயம் கட்டியது.
முள்ளை முள்ளால் எடுப்பார்கள்.
நாங்கள் எடுப்பதில்லை,
முள் இருக்கிறதா என்று
முள்ளால் தொட்டுப் பார்க்கிறோம்.

இருட்டறை. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால்
முதலில் ஒன்றுமேயில்லை.
பிறகு ஒன்று, தள்ளி இன்னொன்று:
மெல்லிய பச்சை வளையங்கள்.
மற்றவை எல்லாம் இருட்டோடு இருட்டாக.
செத்த கலம் மட்டும் முழுதாக எரியும்.
செத்தவை எதையும் உள்ளே விடும்,
அவற்றை எண்ணக் கூடாது.

பதினாறு வரை எண்ணியிருப்பேன்.
கறண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
டீசலுக்கு டொலர் இல்லை,
கலத்தை அசையாமல் நிறுத்தும் அசைட்டும்
மாசியிலேயே முடிந்திருந்தது.
இரண்டரை மணித்தியாலம்.
தட்டில் ஐஸ் தண்ணீரானது,
சுரங்கி பதிவேட்டால் எனக்கும் சேர்த்து விசிறினாள்.

வெளிச்சம் வந்து பார்த்தால்
வளையம் ஒன்றும் மிச்சமில்லை.
சூடு ஏற ஏற, தொடப்பட்டது தெரிந்து,
விளிம்பெல்லாம் இருந்ததை ஒரு பக்கமாய்க் கூட்டி
தொப்பிபோல் குவித்து
விழுங்கிக்கொண்டிருந்தன.
சில ஏற்கெனவே விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாதவை மாதிரி உருண்டையாக இருந்தன.

"கெட்டுப்போச்சு" என்று சிங்களத்தில் எழுதப் போனாள் சுரங்கி.
கொஞ்சம் பொறு என்றேன்.

என்னிடம் ஒரு கைப்பை இருக்கிறது.
176 இல் வேலைக்கு வந்துபோன காலத்தது.
ஆமர் வீதி மறியலில் பஸ் நிற்கும்,
இறங்கு, வரிசை, அடையாள அட்டை.
பஸ் வேகம் குறையும்போதே
நெற்றியில் இருந்ததை உரித்து
பையின் உட்துணியில் ஒட்டிவிடுவேன்.
அட்டையில் பெயர் இருக்கத்தானே போகிறது,
என்றாலும் கை தானாகப் போகும்.
இப்போதும் அந்தத் துணியில்
வரிசையாய் அரக்குப் புள்ளிகள்,
பசை காய்ந்து, உதிராமல்.

கலங்களைக் கழுவி
புதுக் கரைசலில் விட்டு
முப்பத்தேழு பாகையில் இரவு வைத்தோம்.
எளிய சோதனைதான்:
இரவல் சட்டை என்றால் போனது போனதுதான்.
தன்னுடையதென்றால்
விடிவதற்குள் மறுபடி நெய்துகொள்ளும்.
இரவு கறண்ட் நிற்கவில்லை,
யார் செய்த புண்ணியமோ.

காலையில் வெள்ளவத்தை மீன்காரனிடம் இரந்த ஐஸில்
திரும்பவும் பச்சை ஊற்றி,
சுரங்கியை முதலில் பார்க்கச் சொன்னேன்.
அவள் கண்ணை எடுக்காமலே கைவிரல்களை மடித்தாள்,
நிமிர்த்தினாள், மடித்தாள்.
நூறில் பத்தொன்பது.
விளிம்பு முழுக்க வளையம்.
உள்ளே, ஆழத்தில்,
நேற்று விழுங்கியதன் மங்கல் பொட்டு.

அடுத்த கிழமை நளீம் நானா கேட்டார்,
"தேடினது கிடைச்சதா?"
ஓம்.
"எங்க இருந்தது?"
மேலேதான், தோலில்.
கத்தியைத் துடைத்தபடி சிரித்தார்:
"வெளியிலயே இருந்ததுக்கா
இவ்வளவு பாடு?"